புளியமரம் வளர்க்கலாம்: கொட்டை முதல் ஜாடி வரை

முதலில் ஒன்றை முடிவு செய்யுங்கள்: கொட்டையா, ஒட்டுக்கன்றா? கொட்டையில் வளர்ந்த மரம் காய்க்க 7 முதல் 10 வருடம் ஆகலாம். தாய்மரத்தின் ருசி அப்படியே வரும் என்ற உறுதியும் இல்லை. ஒட்டுக்கன்று 4 வருடம் வாக்கில் காய்த்துவிடும். பழம்தான் வேண்டுமென்றால் ஒட்டுக்கன்றே நல்லது. நிழலுக்கு என்றால் கொட்டை போதும்.

கொட்டையை ஒரு நாள் முழுக்கத் தண்ணீரில் ஊறவையுங்கள். உப்பாத கொட்டையின் ஒரு ஓரத்தை உப்புத்தாளில் லேசாகத் தேய்த்து மறுபடி ஊறப்போடுங்கள். ஆழமான பையில் 2 செ.மீ. ஆழத்தில் ஊன்றினால் ஓரிரு வாரத்தில் முளை தெரியும். சிலது இன்னும் தாமதிக்கும். ஆணிவேர் வேகமாக இறங்கும், அதனால் குட்டையான தொட்டி வேண்டாம். இரவில் இலைகள் மூடிக்கொள்வதைப் பார்த்து, வாடிவிட்டதோ என்று தண்ணீரைக் கொட்டாதீர்கள். அது அதன் இயல்பு.

கன்று முழங்கால் உயரம் வந்ததும் மழைக்காலத் தொடக்கத்தில் நடுங்கள். இடம் தேர்வில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். இது நூறாண்டு தாண்டியும் நிற்கும் மரம். சுவர், குழாய், மின்கம்பி பக்கத்தில் வேண்டாம். மரத்துக்கு மரம் 10 மீட்டராவது இருக்கட்டும். மண் சுமாராக இருந்தாலும் பரவாயில்லை, தண்ணீர் தேங்கக்கூடாது. உறைபனியை இளங்கன்று தாங்காது. முதல் இரண்டு மூன்று வருடம் கோடையில் நீர் ஊற்றினால், அப்புறம் வறட்சியை அதுவே பார்த்துக்கொள்ளும்.

பழுத்த புளியின் ஓடு பழுப்பாகி, சதை சுருங்கி ஓட்டை விட்டு விலகியிருக்கும். தட்டினால் உள்ளே கலகலக்கும். கழியால் அடித்து உதிர்த்தால் இளங்கிளையும் மொட்டும் போய்விடும். கிளையை உலுக்குங்கள், இல்லையென்றால் காம்போடு வெட்டுங்கள்.

வெயிலில் சில நாள் காயவைத்து ஓடு, நார், கொட்டை நீக்கி, சிறிது உப்பு கலந்து அழுத்தி வையுங்கள். பாத்திரம் கண்ணாடியோ பீங்கானோ மண்ணோ இருக்கட்டும். புளியின் அமிலம் செம்பையும் அலுமினியத்தையும் அரிக்கும். பிழிந்த சக்கையால் பித்தளையைத் தேய்த்தால் பளபளப்பதும் அதே அமிலத்தால்தான்.

பழம் வரும்வரை கொழுந்தும் பூவும் இருக்கின்றன. இரண்டையும் புளிப்புக்காகச் சமையலில் சேர்க்கலாம். கொழுந்தை அளவாகப் பறியுங்கள், சின்ன மரம் என்றால் தொடவே வேண்டாம்.