.357 மேக்னம்: ரிவால்வர் தோட்டாவை லீவர் ரைபிளுக்காக நிரப்புவது எப்படி?

ரிவால்வருக்கும் ரைபிளுக்கும் ஒரே தோட்டா என்பது அமெரிக்காவில் பழைய பழக்கம். வின்செஸ்டரின் 1873 ரைபிளோடு வந்த .44-40 தோட்டாவுக்கு, சில வருடங்களிலேயே கோல்ட் நிறுவனம் ரிவால்வர் செய்துவிட்டது. இன்று பலரும் அந்த வேலைக்கு எடுப்பது .357 மேக்னம். மார்லின் 1894, ராஸி 92 ஆகிய லீவர் ரைபிள்கள் (கீழே உள்ள நெம்பை இயக்கி அடுத்த தோட்டாவை ஏற்றுபவை) இரண்டும் அந்தத் தோட்டாவுக்கென்றே செய்த வகையில் கிடைக்கும்.

நிரப்புவது என்றால், சுட்ட தோட்டாவின் காலிப் பித்தளைக் கூட்டில் (கேஸ்) புது பிரைமர் (அடிபட்டதும் பவுடரைப் பற்றவைக்கும் சிறு மூடி), பவுடர், புல்லட் மூன்றையும் போட்டு மறுபடி தோட்டாவாக்குவது. இங்கே எழுதுவது அமெரிக்காவில் சொந்த உபயோகத்துக்கு அப்படி நிரப்புகிறவர்களுக்கு மட்டும். விற்பதென்றால் அங்கேயே லைசென்ஸ் வேண்டும். இந்தியாவில் உரிமம் இல்லாமல் தோட்டா செய்வது ஆயுதச் சட்டப்படி குற்றம்.

பிரஸ்ஸை (கைப்பிடியை இழுத்துக் கேஸை டைக்குள் தள்ளும் கருவி) மேசையில் முடுக்குவது, தராசைச் சரிபார்ப்பது எல்லாம் பிரஸ் பெட்டியிலேயே எழுதியிருக்கும். ஒரே ஒரு யோசனை: முதல் பிரஸ் சிங்கிள் ஸ்டேஜாக (ஒரு இழுப்புக்கு ஒரு வேலை) இருக்கட்டும். ஒரு இழுப்பில் ஐந்து வேலை செய்யும் புரோகிரசிவ் பிரஸ்ஸில், எந்த வேலை தப்பிப்போனது என்று புதியவருக்குத் தெரியாது. டை (பிரஸ்ஸில் திருகி வைக்கும் அச்சு) வாங்கும்போது கார்பைடு டையாகக் கேளுங்கள். அதில் கேஸுக்கு எண்ணெய் தடவும் தொல்லை இல்லை.

முதலில் சுட்ட கேஸ்களைத் துடைத்து, விரிசல் இருப்பதைத் தூக்கிப் போடுங்கள். சைசிங் டையில் விட்டால் பழைய பிரைமர் கீழே விழும், கேஸும் பழைய அளவுக்கு வரும். அப்புறம் எல்லாவற்றையும் காலிப்பரில் அளந்து, ஒரே நீளத்துக்கு வெட்டிக்கொள்ளுங்கள். அதிகபட்சம் 1.290 அங்குலம். ரிவால்வருக்கு மட்டும் நிரப்புகிறவர்கள் பலர் இதை விட்டுவிடுவார்கள். ரைபிளுக்கு விடாதீர்கள், காரணம் கீழே வருகிறது. பிறகு வாயைப் புல்லட் உட்காரும் அளவுக்கு மட்டும் லேசாக விரித்து, புது பிரைமரை அமுக்குங்கள்.

பவுடர் எத்தனை கிரெய்ன் (பவுடரை நிறுக்கும் சிறு எடை அளவு) என்று நான் எழுத மாட்டேன். பவுடர் நிறுவனத்தின் கையேட்டில் உங்கள் புல்லட்டுக்கு என்ன போட்டிருக்கிறதோ அதுதான். அதன் தொடக்க அளவிலிருந்து ஆரம்பியுங்கள். ஹெச்110 போன்ற பவுடரைக் கையேடு சொல்வதற்குக் கீழே குறைக்கவும் கூடாது. போட்டு முடித்ததும் எல்லாக் கேஸ்களையும் பலகையில் வரிசையாக நிறுத்தி, டார்ச் அடித்து உள்ளே பாருங்கள். ஒன்றில் மட்டும் மட்டம் உயர்ந்திருந்தால் இரண்டு முறை விழுந்திருக்கிறது.

இனி புல்லட். லீவர் ரைபிளின் டியூப் மேகசினில் (தோட்டாக்கள் ஒன்றன்பின் ஒன்றாக நிற்கும் குழாய்) ஒரு தோட்டாவின் மூக்கு முன்னால் இருப்பதன் பிரைமரைத் தொட்டுக்கொண்டே இருக்கும். கூர் மூக்கு அதைக் குத்தி வெடிக்க வைக்கலாம்; அது வேண்டாம், தட்டை மூக்குதான். மொத்த நீளம் 1.590 அங்குலத்தைத் தாண்டினால், சில ரிவால்வர்களின் சிலிண்டர் பொறுத்துக்கொண்டாலும் ரைபிளின் கேரியர் (தோட்டாவைத் தூக்கி சேம்பருக்கு, அதாவது குழலின் பின்பக்க அறைக்கு, கொடுக்கும் பாகம்) பொறுக்காது.

பலர் தடுக்கி விழும் இடம் கிரிம்ப், அதாவது கேஸின் வாயைப் புல்லட்டின் மேல் மடிப்பது. ரிவால்வரில் உதைப்பு புல்லட்டைக் கேஸிலிருந்து வெளியே இழுக்கப் பார்க்கும். ரைபிளில் நேர்மாறு: ஒருபக்கம் மேகசின் ஸ்பிரிங்கின் தள்ளல், ஒருபக்கம் உதைப்பு, இரண்டும் சேர்ந்து புல்லட்டை உள்ளே அமுக்கும். புல்லட் உள்ளே இறங்கினால் பவுடருக்கு இடம் குறையும், அழுத்தம் எகிறும். அதனால் கேஸின் வாய் விளிம்பு புல்லட்டின் பள்ளத்துக்குள் மடிந்து பிடிக்க வேண்டும். கேஸ்கள் நீளம் மாறினால் ஒன்றில் மடிப்பே விழாது, இன்னொன்றில் அதிகம் மடிந்து கேஸ் கீழே புடைத்து, சேம்பரில் ஏறாது.

புல்லட் உட்கார வைப்பதையும் மடிப்பதையும் ஒரே இழுப்பில் செய்யாதீர்கள். முதலில் டையை உயர்த்தி வைத்து எல்லாப் புல்லட்டையும் பள்ளம் வரை இறக்குங்கள். அப்புறம் டைக்குள் புல்லட்டை அமுக்கும் நடுத்தண்டை மேலே தூக்கிவிட்டு, டையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே திருகி மடிப்பு மட்டும் போடுங்கள். நான் இதற்கென்றே தனியாக ஒரு கிரிம்ப் டை வைத்திருக்கிறேன். காசு கொஞ்சம், நிம்மதி நிறைய.

இந்த அமைப்பில் பிரைமரும் பவுடரும் இல்லாமல் சில டம்மித் தோட்டாக்கள் செய்யுங்கள். ஒன்றை அளந்து, மூக்கை மேசை விளிம்பில் வைத்துக் கட்டைவிரலால் பலமாக அழுத்தி, திரும்ப அளங்கள். நீளம் குறைந்தால் மடிப்பு போதாது. அப்புறம் அவற்றை ரைபிளில் ஏற்றி லீவரை முழுதாக, தயங்காமல் இயக்குங்கள். மெதுவாகத் தள்ளினால் நல்ல தோட்டாவே சிக்கும், பழி தோட்டாவின் மேல் விழும். வெளியே வந்தவற்றையும் அளந்துவிடுங்கள்.

பின்சேர்க்கை: .38 ஸ்பெஷலும் போடலாமா என்று சிலர் கேட்டார்கள். சேம்பரில் போகும். ஆனால் அது குட்டை, கேஸ் மட்டுமே 1.155 அங்குலம். சில ரைபிள்களில் லீவர் ஓட்டம் தடுமாறும். அதிலும் செப்பு உறை போட்ட புல்லட்டை மிக லேசான பவுடரோடு நிரப்ப வேண்டாம். ரிவால்வரின் குட்டைக் குழலைத் தாண்டுவது ரைபிளின் நீளக் குழலில் பாதியில் நின்றுவிடலாம். சத்தம் சப்பென்று இருந்தால் அடுத்ததைச் சுடாமல் தோட்டாக்களை எல்லாம் இறக்கிவிட்டு, குழலுக்குள் துப்புரவுக் கம்பியை விட்டுப் பாருங்கள்.