டாப் மாறினால் வியூ கண்ட்ரோலர் மெமரியை விட்டுப் போகுமா?

மொரிஷியஸ் கோயில்களுக்கு ஐஃபோன் ஆப் ஒன்று எழுதுகிறீர்கள்: கோயில்கள், நாட்காட்டி, படங்கள் என மூன்று டாப் (tab); ஒவ்வொன்றின் திரையையும் நடத்துவது ஒரு வியூ கண்ட்ரோலர். கோர் தே கார்ட் மலையில் எடுத்த தைப்பூசக் காவடிப் படங்களைப் பார்த்துவிட்டு நாட்காட்டிக்குப் போனாலும் மெமரி இறங்காது. இது லீக் (விடுபட வேண்டிய மெமரி விடுபடாமல் தங்குவது) அல்ல. டாப்களை நடத்தும் யூஐடாப்பார்கண்ட்ரோலர் மூன்று கண்ட்ரோலர்களையும் ஸ்ட்ராங்காகவே, அதாவது மெமரியை விட்டுப் போகவிடாமல், பிடித்திருக்கும். முதல்முறை தொடும்போது வியூ ஏற்றப்பட்டு வியூடிட்லோட் ஓடும். டாப்பை விட்டுப் போகும்போது வியூ மறையும், அவ்வளவுதான். பழைய பாடங்களில் வரும் வியூடிட்அன்லோடை ஐஓஎஸ் 6 முதல் யாரும் அழைப்பதில்லை.

படி 1: படத்தைச் சுருக்குங்கள்

கனம் கண்ட்ரோலரில் இல்லை, படங்களில் இருக்கிறது. 4000 × 3000 பிக்சல் படம் கோப்பாக 3 எம்பிதான் இருக்கலாம். திரையில் வரைய விரியும்போது பிக்சலுக்கு 4 பைட், ஆக 48 எம்பி. பத்துப் படம் வந்தால் 480. ஐஓஎஸ் 15 முதல் உள்ள பிரிப்பேரிங்தம்ப்நெயிலால் 400 × 300 ஆக்கினால் ஒன்றுக்கு அரை எம்பிகூட வராது. பெரும்பாலான ஆப்புகளுக்கு இதுவே போதும்; அடுத்த படிக்குப் போகவே வேண்டாம்.

படி 2: கண்ட்ரோலரையே விடுவிக்க

படங்கள் டாப்பில் ஒரு நேவிகேஷன் கண்ட்ரோலரை வைத்து, படக் கண்ட்ரோலரை அதனுள் வையுங்கள். டாப் பெயரும் ஐகானும் அதன்மேல் இருக்கட்டும். டாப்பார் கண்ட்ரோலர் டெலிகேட்டில், டாப்பைத் தொட்டதும் அழைக்கப்படும் டிட்செலக்டில், தொட்டது வேறு டாப்தானா, பழைய படக் கண்ட்ரோலரின் இஸ்வியூலோடட் (வியூ ஏற்றப்பட்டதா) உண்மையா என்று பாருங்கள். இரண்டும் ஆம் என்றால் செட்வியூகண்ட்ரோலர்ஸ் மூலம் புதிய ஒன்றை வைத்துவிடுங்கள். வேறு யாரும் பிடித்திராவிட்டால் பழையது விடுபடும். ஸ்டோரிபோர்டில் வரைந்திருந்தால் அதிலிருந்தே இன்ஸ்டான்ஷியேட் செய்யுங்கள். வெறும் இனிட்டில் உருவாக்கினால் அவுட்லெட் (ஸ்டோரிபோர்டோடு இணைந்த மாறி) நில்லாகி ஆப் விழும்.

பயனர் உருட்டி நிறுத்திய இடமும் இதோடு போய்விடும். அது தேவையென்றால் படத்தின் எண்ணை வெளியே சேமியுங்கள். கோடில் செலக்டட்இண்டெக்ஸை மாற்றினால் டிட்செலக்ட் வராது, அங்கே நீங்களே அழைக்க வேண்டும்.

படி 3: போய்விட்டதா?

கண்ட்ரோலர் மெமரியை விட்டுப் போகும்போது ஓடும் டீஇனிட்டில் ஒரு பிரிண்ட் போடுங்கள். அது வரவில்லையென்றால் முதலில் டைமரைச் சந்தேகியுங்கள். ரன்லூப் (ஆப்பின் நிகழ்வுச் சுழற்சி) டைமரைப் பிடித்திருக்கும், டைமர் தன் டார்கெட்டான கண்ட்ரோலரைப் பிடித்திருக்கும். டீஇனிட்டில் இன்வாலிடேட் எழுதிப் பயனில்லை, அங்கே வரவே வராதே! வியூடிட்டிஸப்பியரில் எழுதுங்கள். அடுத்து, கண்ட்ரோலர் சேமித்து வைத்திருக்கும் க்ளோஷர்களில் வீக் (பிடித்து வைக்காத இணைப்பு) செல்ஃப், டெலிகேட் மாறிகளில் வீக்.

படங்கள் டாப்புக்குப் போய் வேறு டாப்புக்கு மாறுவதை ஐந்து முறை செய்து, எக்ஸ்கோடின் மெமரி கிராஃபில் படக் கண்ட்ரோலர்களை எண்ணுங்கள். ஒன்று இருந்தால் சரி. ஆறு இருந்தால் அம்புக்குறிகளைப் பின்தொடருங்கள். பிடித்து வைத்திருப்பது யார் என்று அங்கேயே தெரியும்.