மெசியாவைப் பற்றிப் பேசும்போது நாம் விடும் பிழைகள்

நத்தாருக்கு முந்திய நான்கு ஞாயிறுகளும் எங்கள் கோயில்களில் திருவருகைக்காலம். வன்னியில் அது மாரி. குளங்கள் நிரம்பி வான் பாயும், பெரும்போக நெல் வயலை மூடி நிற்கும். அந்த ஞாயிறுகளில் இறைவாக்கினரான எசாயாவும் மீக்காவும் எரேமியாவும் வாசிக்கப்படுவதைக் கேட்கிறோம். அவர்கள் சொன்ன மெசியா இயேசுதான் என்று மறையுரையில் கேட்கிறோம். கேட்டதை அப்படியே பிள்ளைகளுக்கும் அயலவருக்கும் சொல்கிறோம். பல ஆண்டுகளாக எங்கள் பங்கில் மறைக்கல்வி வகுப்பு எடுத்துவரும் எனக்கு, எங்கள் விசுவாசத்தின் நடுவில் இருக்கும் இந்த ஒரு சொல்லைத்தான் நாங்கள் மிகவும் கவனமில்லாமல் கையாளுகிறோம் என்ற கவலை உண்டு. கீழே சொல்லும் பிழைகளிற் பலவற்றை நானும் விட்டிருக்கிறேன்.

முதற்பிழை அந்தச் சொல்லிலேயே தொடங்குகிறது. "கிறிஸ்து எண்டது யேசுவின்ரை தகப்பன்ரை பேரோ, ரீச்சர்?" என்று நான்காம் வகுப்புப் பிள்ளை ஒன்று கேட்டது. பாடசாலைப் பதிவேட்டில் எல்லாருடைய பெயரோடும் தகப்பன் பெயர் சேர்ந்து நிற்பதைப் பார்த்துப் பழகிய பிள்ளைக்கு அப்படித் தோன்றுவது இயல்பு. பெரியவர்களிலும் பலர் அதை ஒரு பெயராகவே நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். கிறிஸ்து என்பது ஒரு பட்டம். மெசியா என்று எழுதினாலும் மேசியா என்று எழுதினாலும் அது எபிரேயச் சொல். அதன் கிரேக்க வடிவந்தான் கிறிஸ்து. இரண்டுக்கும் பொருள் எண்ணெய் பூசப்பட்டவர் என்பது. பழைய மொழிபெயர்ப்பு அபிஷேகம் பண்ணப்பட்டவர் என்கிறது. இன்று எங்கள் வழிபாட்டில் அருள்பொழிவு பெற்றவர் என்கிறோம்.

அபிஷேகம் என்றவுடன் எங்கள் மண்ணில் எவருக்கும் நினைவுக்கு வருவது மூர்த்திக்குப் பால் வார்ப்பதும், கும்பாபிஷேகத்துக்கு முன் அடியார்கள் வரிசையில் நின்று எண்ணெய்க்காப்புச் சாத்துவதும்தான். இஸ்ரயேலில் எண்ணெய் வார்க்கப்பட்டது மனிதனுடைய தலையில். சாமுவேல் முதல் நூலின் 16ஆம் அதிகாரத்தைத் திறந்து பாருங்கள். பெத்லகேமில் ஈசாய் தன் ஏழு பிள்ளைகளை ஒருவர் பின் ஒருவராக இறைவாக்கினர் சாமுவேலின் முன் நடக்கவிடுகிறார், ஒருவரும் தேர்ந்துகொள்ளப்படவில்லை. கடைசிப் பிள்ளை ஆடு மேய்க்கப் போயிருக்கிறான். ஆள் அனுப்பிக் கூப்பிடுகிறார்கள். அவன் வந்ததும் சாமுவேல் கொம்பில் இருந்த எண்ணெயை எடுத்து, சகோதரர்களின் நடுவே அவன் தலையில் வார்க்கிறார். பின்னாளில் அரசரான தாவீதின் கதை அங்கேதான் தொடங்குகிறது. அதற்குப் பிறகு, தன்னைக் கொல்லத் தேடிய அரசர் சவுல் குகைக்குள் தனியாக அகப்பட்டபோது, தாவீது அவருடைய மேலங்கியின் ஓரத்தை மட்டும் அறுத்தெடுத்து, ஆண்டவர் அருள்பொழிவு செய்தவருக்கு அதைக்கூடச் செய்திருக்கக் கூடாது என்று மனம் வருந்துகிறார். அப்படியானால் சவுலும் ஒரு மெசியா. எசாயா 45இல் பாரசீக மன்னன் சைரசுக்கும் இதே பட்டம் கொடுக்கப்படுகிறது. அவனோ இஸ்ரயேலன்கூட இல்லை.

ஆகையால் மெசியா என்றால் கடவுள் என்று சொல்லிக்கொடுப்பது அவசரப்பட்ட முடிவு. இயேசு கடவுளின் மகன், கடவுளோடு ஒரே பொருளானவர் என்று நாம் அறிக்கையிடுகிறோம். 325ஆம் ஆண்டு நிசேயாவில் கூடிய திருச்சங்கம் அதைத்தான் அறிக்கையிட்டது. ஆனால் அந்த விசுவாசம் உயிர்ப்பிலிருந்தும் திருத்தூதர்களின் சாட்சியத்திலிருந்தும் வளர்ந்தது. மெசியா என்ற ஒரு சொல்லிலிருந்து மட்டும் அதைப் பிழிந்தெடுக்க முயல்பவர், யூதர் ஒருவர் கேட்கும் முதற்கேள்விக்கே பதில் இல்லாமல் நிற்பார்.

எண்ணெய் வார்க்கப்பட்ட அரசர்கள் பலர் இருந்தார்கள் என்றால், வரவிருக்கும் ஒருவரை மக்கள் எப்போது எதிர்பார்க்கத் தொடங்கினார்கள்? இந்தக் கேள்வியைத் தாண்டி நேரே பெத்லகேம் குடிலுக்குப் போய்விடுவது நாம் விடும் அடுத்த பிழை. தாவீதின் அரியணை என்றென்றும் நிலைத்திருக்கும் என்று இறைவாக்கினர் நாத்தான் வழியாக வாக்குக் கொடுக்கப்பட்டது. கி.மு. 587 அளவில் பாபிலோனியர் எருசலேமை அழித்துக் கோவிலை எரித்தார்கள். கடைசி அரசனின் கண்முன்னே அவனுடைய புதல்வர்களைக் கொன்று, பிறகு அவன் கண்களைப் பிடுங்கி, விலங்கிட்டுக் கொண்டுபோனார்கள். வாக்கு ஏட்டில் இருந்தது. அரியணை வெறுமையாக இருந்தது. தாவீதுக்கு நீர் ஆணையிட்டுச் சொன்ன பேரன்பு எங்கே என்று 89ஆம் திருப்பாடல் கடவுளையே கேட்கிறது. சொல்லப்பட்ட வாக்குக்கும் கண்ணாற் கண்டதற்கும் இடையில் அகப்பட்டு நின்ற மக்களின் நம்பிக்கைதான் மெசியா எதிர்பார்ப்பு. 2009இல் கையில் அகப்பட்டதைத் தூக்கிக்கொண்டு முள்ளிவாய்க்கால்வரை செபமாலையோடு நடந்த எங்கள் மக்களுக்கு அந்தத் திருப்பாடலை எவரும் விளக்க வேண்டியதில்லை.

இனி, எல்லாவற்றிலும் பெரிதாக நான் கருதும் பிழை. இறைவாக்குகளை நாம் சாத்திரம்போல வாசிக்கிறோம். குறிப்புப் பார்ப்பவர் இன்ன வயதில் இன்னது நடக்கும் என்று சொல்வதுபோல, எசாயா எழுநூறு ஆண்டுக்கு முன்பே எழுதிவைத்தார், அது அச்சொட்டாக நடந்துவிட்டது, இத்தனை நூறு வாக்குகள் இப்படிப் பலித்தன, எனவே இயேசு மெசியா என்று கணக்குப்போல ஒப்புவிக்கிறோம். தீர்க்கதரிசி என்ற பழைய சொல்லும், தூரத்தில் வருவதை முன்கூட்டிக் காண்பவர் என்ற எண்ணத்தையே தருகிறது. இறைவாக்கினர் என்ற சொல் இன்னும் பொருத்தமானது. அவர் முதலில் தன் காலத்து மக்களுக்குக் கடவுளின் சொல்லைச் சொல்ல வந்தவர்.

எசாயா 7ஐ முழுதாக வாசித்தால் இது விளங்கும். யூதாவின் அரசன் ஆகாசு நடுங்கிக்கொண்டிருக்கிறான். வடக்கே இரண்டு அரசர்கள் சேர்ந்து எருசலேமின்மேல் படையெடுத்து வருகிறார்கள். இளம்பெண் ஒருத்தி கருவுற்று ஓர் ஆண் மகவைப் பெறுவாள், இம்மானுவேல் என்று பெயரிடுவாள், அந்தப் பிள்ளை நன்மை தீமை அறியும் முன்னே நீ அஞ்சும் அந்த இரு அரசர்களின் நாடும் பாழாகும் என்று எசாயா சொல்கிறார். எழுநூறு ஆண்டுக்குப் பிறகு நடக்கப்போவது மட்டுமே அதன் பொருள் என்றால் ஆகாசுக்கு அது என்ன அடையாளம்? எபிரேயத்தில் உள்ள சொல் இளம்பெண் என்றே பொருள்படும். கிரேக்க மொழிபெயர்ப்பு அதைக் கன்னி என்றது. நற்செய்தியாளர் மத்தேயு அந்தக் கிரேக்க வாசகத்தை எடுத்து ஆள்கிறார். மரியா கன்னியாகவே கருத்தரித்தார் என்ற எங்கள் விசுவாசம் மத்தேயுவும் லூக்காவும் தரும் சாட்சியத்தில் நிற்கிறது. அந்த நிகழ்வை அறிந்த பிறகுதான் மத்தேயு எசாயாவைத் திரும்பிப் பார்த்து, அந்தப் பழைய சொல்லுக்குள் இவ்வளவு இடம் இருந்ததா என்று காண்கிறார்.

குளக்கட்டில் நின்று மறுகரையைப் பார்த்தால் காடு ஒரே கோடாகத் தெரியும். வள்ளமேறிக் கிட்டப் போனால்தான் முன்னுக்கு நிற்கும் மருதுக்கும் பின்னுக்கு நிற்கும் பாலைக்கும் நடுவே எவ்வளவு வெளி கிடக்கிறது என்று தெரியும். இறைவாக்கினர் கரையில் நின்று சொன்னார்கள். நற்செய்தியாளர்கள் அக்கரையில் இறங்கி நின்று எழுதினார்கள்.

மத்தேயு நிறைவேறியது என்று எழுதும்போது எதைச் சொல்கிறார் என்பதற்கு ஓசேயா நல்ல சான்று. எகிப்திலிருந்து என் மகனை அழைத்தேன் என்ற ஓசேயாவின் வரி வருங்காலத்தைப் பற்றியதே இல்லை. மோசே காலத்து இஸ்ரயேல் மக்களைப் பற்றியது. குழந்தை இயேசுவை எகிப்துக்குக் கொண்டுபோனதைச் சொல்லும்போது மத்தேயு அதை எடுத்தாள்வது, அந்த மக்களின் முழு வரலாறும் இந்த ஒருவரில் மறுபடி நடக்கிறது என்று காட்டத்தான். இதற்கு அடுத்தாற்போல் வரும் வசனத்தில் நான் எப்போதும் நின்றுவிடுவேன். பெத்லகேமில் குழந்தைகள் கொல்லப்பட்டபோது, இராமாவில் இராகேல் தன் பிள்ளைகளுக்காக அழுகிறாள், ஆறுதல் பெற மறுக்கிறாள் என்ற எரேமியாவின் சொல்லை மத்தேயு நினைவுகூர்கிறார். மற்ற இடங்களில் வாக்கு நிறைவேறும்படி இது நடந்தது என்று எழுதுபவர், இங்கேயும், யூதாசின் காசைப் பற்றிச் சொல்லும் இடத்திலும் மட்டும் அப்போது அந்த வாக்கு நிறைவேறிற்று என்று சொல்லை மாற்றி எழுதுகிறார். குழந்தைகள் சாகும்படி கடவுள் திட்டமிட்டார் என்று எழுத அவருக்குக் கை வரவில்லை. 2017 பெப்ரவரியிலிருந்து கிளிநொச்சியிலும் பின் வவுனியாவிலும் முல்லைத்தீவிலும் காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளைகளின் படங்களோடு தெருவோரம் இருக்கும் தாய்மாரிடம், எல்லாம் கடவுளின் திட்டம் என்று சொல்லும் செபக்குழுக்காரர் இந்த ஒரு சொல்மாற்றத்தைக் கவனிக்க வேண்டும் என்று மன்றாடிக் கேட்கிறேன்.

யூதர்கள் எல்லாம் தெரிந்துகொண்டே மெசியாவைத் தள்ளிவிட்டார்கள் என்பது பெரிய வெள்ளிக் காட்சிகளில் நாம் வளர்த்துவிட்ட பிழை. அவர்களுடைய எதிர்பார்ப்பு ஒன்றாகவே இருக்கவில்லை. தாவீதின் வழிவந்த அரசனை எதிர்பார்த்தவர்களும், மோசேயைப் போன்ற இறைவாக்கினரை எதிர்பார்த்தவர்களும் இருந்தார்கள். 1947 முதல் சாக்கடலோரக் கும்ரான் குகைகளில் கிடைத்த சுருள்களில், ஆரோன் வழி ஒருவரும் இஸ்ரயேல் வழி ஒருவருமாக இரு மெசியாக்களுக்குக் காத்திருந்த ஒரு குழுவைக் காண்கிறோம். சிலுவையில் சாகும் மெசியாவை எதிர்பார்த்தவர்களை நற்செய்திகளில் தேடினாலும் காணக் கிடைக்காது. நீர் மெசியா என்று பிலிப்புச் செசரியாவில் அறிக்கையிட்ட பேதுருவே, பாடுகளைப் பற்றிய பேச்சு வந்ததும் இயேசுவைத் தனியே கூட்டிக்கொண்டு போய்க் கடிந்தார். பேதுரு விட்ட பிழைக்கு ஒரு முழு மக்களினத்தைக் குற்றவாளியாக்குவது எப்படி நியாயம்? சிலுவை உரோமைத் தண்டனை, தீர்ப்பு உரோமை ஆளுநர் பிலாத்துவினுடையது. இயேசுவும் மரியாவும் பன்னிருவரும் யூதர்கள். யூதர்களைக் கடவுளால் தள்ளப்பட்டவர்களாகவோ சபிக்கப்பட்டவர்களாகவோ காட்டக் கூடாது என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965இல் தெளிவாகச் சொல்லிவிட்டது. ஓர் இனத்தைப் பற்றிப் பொதுவாகச் சொல்லப்படும் பழி எங்கே கொண்டுபோய் விடும் என்பதை அறிந்த நாங்கள், பாஸ்கா மேடையில் அதைச் செய்யக் கூடாது.

இயேசுவும் ஓர் அவதாரந்தானே என்று அயலிலுள்ள சைவர்கள் அன்போடு கேட்பதுண்டு. அதற்கு ஓம் என்று தலையாட்டுவதும், முகம் சுளிப்பதும் இரண்டுமே பிழை. அறம் குன்றும்போதெல்லாம் இறைவன் இறங்கி வருவான் என்பது ஒரு நம்பிக்கை. குறித்த ஒரு மக்களுக்குக் கொடுத்த வாக்கு, குறித்த ஒரு காலத்தில், பிலாத்துவின் ஆட்சியில் இறந்துபோன ஒரு மனிதரில் ஒரே முறையாக நிறைவேறியது என்பது எங்களுடையது. வேறுபாட்டை மரியாதையோடு சொன்னால் அவர்களுக்கும் விளங்கும்.

என் அரசு இவ்வுலகைச் சார்ந்ததன்று என்று இயேசு பிலாத்துவிடம் சொன்னதை, காணி, சிறை, பசி ஆகியவை மெசியாவுக்குத் தொடர்பில்லாதவை என்று வாசிப்போரும் உண்டு. அந்த அரசு எங்கிருந்து வருகிறது என்பதே அங்கே பேச்சு. நாசரேத்துத் தொழுகைக்கூடத்தில் அவர் எழுந்து வாசித்தது, ஏழைகளுக்கு நற்செய்தி, சிறைப்பட்டோருக்கு விடுதலை என்று சொல்லும் எசாயா 61. ஆண்டவரின் அருள்தரும் ஆண்டு என்ற இடத்தில் அவர் வாசிப்பை நிறுத்தி, சுருளைச் சுருட்டிக் கொடுத்துவிட்டு அமர்ந்தார். எசாயாவில் அதே வரி பழிவாங்கும் நாளையும் சொல்லித் தொடர்கிறது. அதை அவர் வாசிக்கவில்லை. ஏழைகளின் விடுதலையை அவரிடமிருந்து பிரிப்பவரும், ஆயுதம் ஏந்திய மெசியாவாக அவரை ஆக்க விரும்புபவரும் அவர் சுருளைச் சுருட்டிய இடத்தைக் கவனிக்கவில்லை. தேர்தல் மேடையில் ஒரு தலைவரை எங்கள் மீட்பர் என்று அழைப்பதற்கும் இது பொருந்தும்.

கடைசியாக, கேள்வியை விசுவாசக் குறைவாக எண்ணுவது. மெசியா வந்துவிட்டார் என்றால், ஓநாயும் ஆட்டுக்குட்டியும் சேர்ந்து வாழும் என்ற எசாயாவின் உலகம் எங்கே என்று யூதர்கள் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. அது தொடங்கிவிட்டது, முடியவில்லை, அவர் மீண்டும் வருவார் என்பதே கிறிஸ்தவ மறுமொழி. வரும் நாளைக் குறித்துச் சொல்ல எவருக்கும் உரிமை கொடுக்கப்படவில்லை. அந்தக் கேள்வியை முதலில் கேட்டவர் சிறையிலிருந்த திருமுழுக்கு யோவான். வரவிருப்பவர் நீர்தானா, வேறொருவருக்காகக் காத்திருக்கவேண்டுமா என்று ஆள் அனுப்பிக் கேட்டார். பார்வையற்றோர் பார்க்கிறார்கள், நடக்கமுடியாதோர் நடக்கிறார்கள், ஏழைகளுக்கு நற்செய்தி சொல்லப்படுகிறது என்று இயேசு மறுமொழி அனுப்பினார். நாசரேத்தில் வாசித்த சிறைப்பட்டோரின் விடுதலை அந்த மறுமொழியில் இல்லை. அதற்காகக் கேட்டவரைக் கடிந்துகொள்ளவுமில்லை. யோவானைவிடப் பெரியவர் எவரும் பிறந்ததில்லை என்றே கூட்டத்தினரிடம் சொன்னார்.

மூன்று ஆண்டுக்கு ஒருமுறை, திருவருகைக்காலத்தின் மூன்றாம் ஞாயிறில் இந்தப் பகுதி வாசிக்கப்படும். ஒருமுறை பூசை முடிந்து மழைக்கு ஒதுங்கிக் கோயில் விறாந்தையில் நின்றபோது, மகனைத் தேடிக்கொண்டிருக்கும் தாய் ஒருவர் என்னருகே வந்து, "பிறகு யோவானை விட்டவங்களோ, பிள்ளை?" என்று கேட்டார். இல்லை அம்மா, தலையை வெட்டினார்கள், அவருடைய சீடர்கள் வந்து உடலை எடுத்துக்கொண்டுபோய் அடக்கம் செய்தார்கள் என்றேன். "உடம்பையாவது குடுத்திருக்கிறாங்கள்" என்றார். சொல்வதற்கு என்னிடம் ஒன்றும் இருக்கவில்லை. கையிலிருந்த விவிலியத்தைத் திறந்து, அந்தச் செய்தியைக் கேட்ட இயேசு படகேறித் தனிமையான ஓரிடத்துக்குப் போனார் என்ற அடுத்த வரியை மட்டும் அவருக்கு வாசித்துக் காட்டினேன். மழை விடும்வரை இருவரும் அங்கேயே நின்றோம்.