கடைசிச் சொல்லுக்கு மட்டும் எதிரொலி

சென்ற மாதம் ஒரு தாலாட்டை மிக்ஸ் செய்தேன். ஒரு குரல், வீணை, தம்பூரா, அவ்வளவுதான். இத்தனை குறைவான ட்ராக்குகள் இருக்கும்போதுதான் ஆட்டோமேஷன் (பாட்டு ஓடும்போதே ஒலி அளவுகள் தானாக மாறும்படி பதிந்து வைப்பது) எவ்வளவு பேசும் என்று தெரிகிறது.

முதலில் ஃபேடர்களை (ஒவ்வொரு ட்ராக்கின் சத்தத்தையும் கூட்டிக் குறைக்கும் பிடிகளை) அசையாமல் வைத்து ஒரு நல்ல பேலன்ஸைப் பிடியுங்கள். அப்புறம் குரலுக்கு வாருங்கள். தமிழ் வரிகள் பெரும்பாலும் ‘ம்’, ‘ன்’, ‘ல்’ மாதிரி மெல்லிய ஒலியில் முடியும். பாடுகிறவருக்கு மூச்சு தீருவதும் அங்கேதான். வீணையின் மீட்டு அந்த எழுத்தை விழுங்கிவிடும். சத்தத்தின் ஏற்ற இறக்கத்தைக் குறைக்கும் கம்ப்ரஸரை இன்னும் அழுத்தினால் மூச்சுச் சத்தமும் சேர்ந்து மேலே வரும். அந்த எழுத்தை மட்டும் 2 டெசிபல் தூக்குங்கள். திரையில் புள்ளி வைத்து ஆட்டோமேஷன் கோடு வரைவதற்கு முன் ட்ராக்கை, ஃபேடரின் அசைவைப் பதியும் ‘டச்’ நிலையில் வைத்து, கண்ணை மூடிக்கொண்டு, பாட்டோடு ஃபேடரை நகர்த்திப் பாருங்கள். டச்சில் கையை எடுத்தால் ஃபேடர் பழைய அளவுக்குத் திரும்பும். ‘லாட்ச்’ என்ற இன்னொரு நிலையில் விட்ட இடத்திலேயே நிற்கும். சொல்லுக்குச் சொல் ஏற்றி இறக்க டச்தான் வசதி.

அடுத்தது டிலே, அதாவது எதிரொலி தரும் எஃபெக்ட். குரல் ட்ராக்கிலேயே போட்டால் எல்லாச் சொல்லும் எதிரொலித்து வரியே கலங்கிவிடும். டிலேயைத் தனி ஆக்ஸ் ட்ராக்கில் (எஃபெக்டுக்கென்றே உள்ள துணை ட்ராக்கில்) வைத்து, குரலை அங்கே அனுப்பும் அளவான சென்டை முழுக்க மூடிவிடுங்கள். நான் ஒவ்வொரு பத்தியின் கடைசிச் சொல்லான ‘கண்ணே’ வரும்போது மட்டும் திறந்தேன். டெம்போ நிமிடத்துக்கு 72 தட்டு, ஒரு தட்டுக்கு 833 மில்லிசெகண்ட். டிலேயின் இடைவெளியும் அதேதான். எதிரொலி சரியாக அடுத்த தட்டில், குரல் ஓய்ந்திருக்கும் இடத்தில் வந்து விழுந்தது. டிலேக்குப் பின்னால் ஒரு ஃபில்டர் போட்டு 3 கிலோஹெர்ட்ஸுக்கு மேலே உள்ள ஒலியைக் குறைத்ததும் எதிரொலி குரலுக்குப் பின்னே போய் நின்றது. கவனியுங்கள், மூட வேண்டியது சென்டை. டிலே ட்ராக்கை ம்யூட் செய்தால் எதிரொலி பாதியில் அறுந்துவிடும்.

எனக்கு மிகவும் பிடித்த இடம் ரிவெர்ப், அதாவது பெரிய கூடத்தில் பாடுவதுபோன்ற முழக்கம். சரணத்தின் கடைசி 8 பாரில் (தாளச் சுற்றில்) குரலின் ரிவெர்ப் சென்டைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றினேன். பல்லவி திரும்பும் முதல் சொல்லில் ஒரேயடியாக மூடினேன். அதற்கு முன்னால் குரல் ஒரு தட்டு ஓய்ந்திருந்ததால் பழைய ரிவெர்ப் அடங்க நேரம் கிடைத்தது. தூரத்தில் பாடிக்கொண்டிருந்த அம்மா தொட்டிலருகே வந்து குனிந்ததுபோல் இருந்தது. உங்கள் பாட்டில் அந்த ஓய்வு இல்லையென்றால் சென்டைக் கொஞ்சம் முன்னதாகவே இறக்கத் தொடங்குங்கள்.

கடைசியாக ஃபோன் ஸ்பீக்கரில், குறைந்த சத்தத்தில் கேளுங்கள். ஏதாவது ஒரு சொல் தொலைந்திருந்தால் டச்சுக்குப் போய் அந்த வரியை மட்டும் மறுபடி ஓட்டுங்கள்.