சீன வெள்ளிப் பாண்டா: முதல் நாணயத்தை ஏமாறாமல் வாங்கி, நட்டமில்லாமல் விற்பது எப்படி?

சீன மக்கள் வங்கி வெளியிடும் இந்த நாணயத்தின் ஒரு பக்கம் பெய்ஜிங்கின் சொர்க்கக் கோயில், மறுபக்கம் பாண்டா. 2001, 2002 போன்ற விதிவிலக்குகள் தவிர, பாண்டா உருவம் ஆண்டுதோறும் மாறும். சேகரிப்பவர்கள் வெள்ளி விலைக்கு மேல் காசு கொடுப்பது அதற்காகத்தான். போலிகள் குவிவதும் அதனால்தான்.

1. எந்த ஆண்டு, என்ன எடை?

1983 முதல் 1985 வரை வந்தவை 27 கிராம், 90 சதவீத வெள்ளி. ஆண்டுக்குப் பத்தாயிரம்தான் அடித்தார்கள். புதியவர்கள் அந்தப் பக்கம் போக வேண்டாம். 1989 முதல் 2015 வரையிலான வழக்கமான 10 யுவான் நாணயம் 1 டிராய் அவுன்ஸ், அதாவது 31.1 கிராம், 99.9 டச். 2016 முதல் 30 கிராம். ஆகவே 2016 முதல் வந்த நாணயத்தில் '1 அவுன்ஸ்' என்று பொறித்திருந்தால் மேற்கொண்டு பேசவே வேண்டாம், போலி. 2015 நாணயத்தில் மட்டும் எடையும் தூய்மையும் பொறிக்கப்படவில்லை. அதைப் பார்த்துவிட்டு நல்ல நாணயத்தைத் திருப்பி அனுப்புகிறவர்களும் உண்டு.

2. விலையை இரண்டாகப் பிரியுங்கள்

அன்றைய அவுன்ஸ் விலையை 31.1035-ஆல் வகுத்து, நாணயத்தின் கிராமால் பெருக்குங்கள். அவுன்ஸ் 30 டாலர் என்றால் 30 கிராம் பாண்டாவில் இருக்கும் வெள்ளி 28.94 டாலர். விற்பவர் 40 கேட்டால் மீதி 11 டாலர் ப்ரீமியம். நகைக்கடைச் செய்கூலி மாதிரிதான் இதுவும்: கொடுப்பது எளிது, திரும்ப வாங்குவது கடினம்.

2009-இல் 6 லட்சமாக இருந்த அச்சு எண்ணிக்கை 2011-இல் 60 லட்சமானது. எனவே 2011-க்குப் பிந்தைய நாணயத்தை 'அரியது' என்று விற்றால் நம்பாதீர்கள். அவற்றுக்கு எம்எஸ்70 கிரேடு பெட்டிக்காக (தரமதிப்பு நிறுவனம் 'குறையே இல்லை' என்று உச்ச மதிப்பெண் தந்து மூடி முத்திரையிட்ட பெட்டி) இரட்டை விலை கொடுப்பதும் எங்கள் பார்வையில் வீண்.

3. கைக்கு வந்ததும் சோதனை

பார்சல் பிரிப்பதை வீடியோ எடுங்கள். 0.01 கிராம் காட்டும் தராசும், விட்டமும் தடிமனும் அளக்கும் காலிப்பரும் தேவை. விட்டம் 40 மில்லிமீட்டர். வெள்ளி முலாம் பூசிய பித்தளைப் போலி அதே அளவில் இருந்தால் 25 கிராம் அளவில்தான் நிற்கும்; எடையைச் சரிக்கட்டியிருந்தால் தடிமன் காட்டிக்கொடுக்கும்.

சந்தேகம் தீரவில்லையா? தண்ணீர் டம்ளரைத் தராசில் வைத்துப் பூஜ்யமாக்குங்கள். நாணயத்தை மெல்லிய நூலில் கட்டி, அடியிலோ பக்கத்திலோ படாமல் முழுக்க மூழ்கவிடுங்கள். தராசு 1 அவுன்ஸ் நாணயத்துக்கு 2.97 கிராம், 30 கிராம் நாணயத்துக்கு 2.86 கிராம் அளவில் காட்ட வேண்டும். சரியான எடையில் செய்த பித்தளை என்றால் 3.5-ஐத் தாண்டிவிடும். குமிழி ஒட்டியிருந்தாலும் எண் ஏறும், அதைத் தட்டிவிட்டுப் பாருங்கள். சோதனை முடிந்ததும் மென்துணியில் ஒற்றி எடுங்கள், தேய்க்காதீர்கள். காந்தச் சோதனையை மட்டும் நம்ப முடியாது. செம்பும் பித்தளையும்கூட ஒட்டாது.

நாணய ஆலையே ஒட்டிய பிளாஸ்டிக் உறையில் வந்த பழைய நாணயத்தை வெட்ட வேண்டாம், வெட்டினால் விலை இறங்கும். உறையோடு எடை போட்டாலே பித்தளையின் 6 கிராம் குறைவு தெரிந்துவிடும். என்ஜிசி, பிசிஜிஎஸ் என்ற தரமதிப்பு நிறுவனங்களின் பெட்டியாக இருந்தால் சான்றிதழ் எண்ணை அவர்கள் தளத்தில் தேடி, படம் இருந்தால் ஒப்பிடுங்கள். உண்மையான எண்ணையே போலிப் பெட்டியில் அச்சடிக்கிறார்கள்.

4. தொடாதீர்கள், துடைக்காதீர்கள்

விளிம்பை மட்டும் பிடியுங்கள். வெண்புள்ளிகள் தயாரிப்பிலேயே வருபவை. பேக்கிங் சோடா போட்டுத் தேய்த்தால் புள்ளி போகாது, நாணயத்தின் மதிப்புதான் போகும். மலிவான பிவிசி உறை பச்சைப் பிசுக்கு விடும். அதை மட்டும் சுத்த அசிட்டோனில் ஊறவைத்து, தேய்க்காமல் கழுவலாம். காற்றோட்டம் முக்கியம், அருகில் நெருப்பு கூடாது.

5. விற்கும்போது

விளம்பரத்தில் கேட்கும் விலையைப் பார்க்காதீர்கள், விற்று முடிந்த விலையைப் பாருங்கள். தளக் கட்டணம், காப்பீட்டுடன் அஞ்சல், பணம் பெறும் கட்டணம் மூன்றையும் கழித்த பிறகு டீலர் தரும் விலையோடு ஒப்பிடுங்கள். சாதாரண ஆண்டு என்றால் பல சமயம் டீலரே மேல். எல்லை தாண்டி அனுப்பும் முன் இரு நாட்டு கஸ்டம்ஸ் விதியையும் கேட்டறியுங்கள்.

இருபக்கமும் விளிம்பும் தெரியும் படங்கள், தராசின் எண் தெரியும் ஒரு படம், புள்ளி இருந்தால் அதன் நெருக்கப் படம் போடுங்கள். குறையை மறைத்தால் நாணயம் திரும்பி வரும், அஞ்சல் செலவு உங்கள் தலையில். நாணயம் இருக்கும் பிளாஸ்டிக் காப்சூல் ஆடாதபடி அட்டைகளுக்கு நடுவே ஒட்டி அனுப்புங்கள். பார்சலின் வெளியே 'வெள்ளி' என்றோ 'நாணயம்' என்றோ எழுத வேண்டாம். வெளிநாட்டுக்கு என்றால் கஸ்டம்ஸ் படிவத்தில் மட்டும் உள்ளதை உள்ளபடி நிரப்புங்கள்.