பதுங்கி ஆடும் கேம் உங்களுக்கு ஒத்துவருமா? முடிவெடுப்பதில் நடக்கும் தவறுகள்

காவலாளிகள் கண்ணில் படாமல் பதுங்கிப் போக வேண்டிய கேம் 'கமாண்டோஸ்'. 1998-ல் வந்த அதை மஞ்சக்குப்பத்தில் ஒரு பிரவுசிங் சென்டரில்தான் முதலில் ஆடினேன். மணிக்கணக்குக் காசு. இரண்டு காவலாளிகளைத் தாண்டுவதற்குள் நேரம் முடிந்துவிடும். இது நமக்கு ஆகாது என்று அன்றே முடிவு கட்டிவிட்டேன். பல வருடம் கழித்து, அதே வகையில் 2016-ல் வெளியான 'ஷேடோ டாக்டிக்ஸ்' கேமை வீட்டில் நிதானமாக ஆடியபோதுதான் என் அவசரம் புரிந்தது. பஸ்ஸுக்கு அரை மணி இருக்கும்போது இந்த வகை கேமைச் சோதித்துப் பார்க்காதீர்கள்.

'எனக்குப் பொறுமை உண்டு, அதனால் பிடிக்கும்' என்று நினைப்பது இன்னொரு தவறு. தேவனாம்பட்டினம் கரையில் தூண்டிலோடு சாயங்காலம் முழுக்க நிற்பவர் என் சித்தப்பா. அவரிடம் கொடுத்தேன்; கால் மணி நேரத்தில் மவுஸை வைத்துவிட்டார். "மீன் கடிக்கலன்னா கடல் மேல பழி போடலாம்டா. இதுல மாட்டினா என் தப்புன்னுல்ல காட்டுது!"

மனுஷன் சரியாகப் பிடித்துவிட்டார். காத்திருப்பது இதில் கொஞ்சம்தான். காவலாளியின் பார்வை ஒரு கூம்பாகத் தரையில் விழும். கிட்டத்துப் பகுதியில் எப்படிப் போனாலும் மாட்டுவீர்கள். தூரத்துப் பகுதியில் குனிந்து போனால் தெரியாது. அதை வைத்து ஒரு வழி யோசிக்க வேண்டும், மாட்ட வேண்டும், வேறு வழி யோசிக்க வேண்டும். மொத்த ஆட்டமும் அதுதான்.

அடிக்கடி சேவ் செய்வதைக் காப்பியடிப்பது போல நினைத்து வீம்பு பிடிக்காதீர்கள். கடைசியாக சேவ் செய்து நேரமாகிவிட்டது என்று 'ஷேடோ டாக்டிக்ஸ்' திரையிலேயே நினைவூட்டும். கேமை உருவாக்கியவர்களே அப்படித்தான் ஆடச் சொல்கிறார்கள். நான் வீம்பாக முக்கால் மணி நேரம் ஆடி, கரண்ட் போய், எல்லாம் போச்சு.

அப்புறம் ரீஃபண்ட். கேம் விற்கும் ஆன்லைன் கடையான ஸ்டீமில் வாங்கிய 14 நாளுக்குள், 2 மணி நேரத்துக்குக் குறைவாக ஆடியிருந்தால் பணம் திரும்பக் கிடைக்கும். வேறு வகை கேமுக்கு அது தாராளம். இதில் ஒரு மிஷனே ஒரு மணி நேரத்துக்கு மேல் இழுக்கும். முதல் மிஷனோ பாடம் நடத்துவதிலேயே போய்விடும். டெமோ, அதாவது இலவசமாக ஆடிப் பார்க்கும் சிறு பகுதி இருந்தால் அதையே முதலில் ஆடுங்கள். ட்ரெய்லரை நம்ப வேண்டாம், அதில் யாருமே மாட்டுவதில்லை.

டெமோவில் மாட்டிய அந்த நொடியைக் கவனியுங்கள். 'அந்தப் புதர் வழியா போயிருக்கலாமோ' என்று தோன்றினால் வாங்கலாம். 'திரும்பவும் முதல்லேருந்தா' என்று அலுப்பு வந்தால், பாதி விலைக்குக் கிடைத்தாலும் விட்டுவிடுங்கள்.