பிரசவத்தோடு 'கட்டிவிடும்' முன்: நம் குடும்பங்களில் வழக்கமாக நடக்கும் தவறுகள்

"பிரசவத்தோடயே கட்டிவிட்டுடுங்க மிஸி, ரெண்டு வேலையா எதுக்கு?"

பெஸ்தாரி ஜெயா என்று பெயர் மாறியும் நாங்கள் இன்னமும் பத்தாங் பெர்ஜுந்தை என்றே சொல்லும் மலேசிய ஊர் இது. இங்கே தாய்சேய் கிளினிக்கில் நான் 'மிஸி'யாக, அதாவது நர்ஸாக, வேலை பார்த்த வருஷங்களில் இதை எத்தனை முறை கேட்டிருப்பேன் என்று கணக்கில்லை. சொல்வது கணவன். மனைவி எட்டு மாத வயிற்றோடு, கர்ப்பகாலப் பதிவு எழுதும் பிங்க் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு, சுவரில் ஒட்டிய தடுப்பூசி அட்டவணையைப் பார்த்துக்கொண்டிருப்பாள். கட்டிவிடுவது என்றால் இனிப் பிள்ளை வேண்டாம் என்று செய்யும் நிரந்தரக் கருத்தடை ஆபரேஷன். அதை மனைவிக்கா கணவனுக்கா, யாருக்குச் செய்வது என்று அவரும் சொல்லமாட்டார், நாங்களும் கேட்கமாட்டோம். எங்கள் தப்பும் அதில் உண்டு.

முதல் தவறே அதுதான். பெண்ணுக்கு ஒன்று, ஆணுக்கு ஒன்று என்று இருக்கும் இரண்டு ஆபரேஷனையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்காமலேயே முடிவு எடுத்துவிடுகிறோம்.

பெண்ணுக்குக் கட்ட வேண்டிய குழாய்கள் வயிற்றுக்குள்ளே கர்ப்பப்பையின் இரு பக்கமும் இருக்கின்றன. அங்கே போக வயிற்றைத் திறந்தாக வேண்டும். பிரசவமான ஓரிரு நாளில் என்றால் தொப்புளுக்குக் கீழே சின்னதாக ஒரு வெட்டு. சிசேரியன் என்றால் அதே வெட்டில் முடிந்துவிடும். மற்ற நாட்களில் செய்தால், பெரும்பாலும் முழு மயக்கம் கொடுத்துத் துளை வழியாகக் கேமரா விட்டுச் செய்வார்கள். ஆணுக்கு விந்தணு வரும் குழாய் விதைப்பையின் தோலுக்கு அடியிலேயே இருக்கிறது, விரலால் தொட்டால் தெரியும். அந்த இடத்தை மட்டும் மரத்துப்போக ஊசி போட்டு 15 முதல் 30 நிமிடத்தில் முடித்துவிடுவார்கள். அன்றைக்கே நடந்து வீட்டுக்குப் போகலாம். சீன மருத்துவர் லீ ஷுன்சியாங் 1974-ல் கண்டுபிடித்த முறையில் கத்திகூட வேண்டாம், சின்னத் துளை போதும், தையலும் இல்லை.

பலனிலும் ஆண் பக்கம்தான் மேல். பெண்ணுக்குக் கட்டிய முதல் வருஷத்தில் ஆயிரத்தில் சுமார் ஐந்து பேருக்குக் கர்ப்பம் தங்கிவிடுகிறது. ஆணுக்குச் செய்தால் ஆயிரத்தில் ஒன்று இரண்டுதான். குடலில் காயம், மயக்க மருந்தால் வரும் சிக்கல் என்பதெல்லாம் பெண்ணுக்கும் அபூர்வம்தான். ஆணுக்கு அந்தப் பேச்சே இல்லை.

சரி, அப்புறம் ஏன் எப்போதும் பெண்ணையே படுக்க வைக்கிறோம்?

"நரம்பை வெட்டிடுவாங்க" என்ற பயம்

"நரம்பை வெட்டிட்டா ஆண்மை போயிடும் மிஸி" என்று ஒருவர் என்னிடம் குரலைத் தாழ்த்திச் சொன்னார், ஏதோ பக்கத்து வீட்டுக்காரன் விஷயம் மாதிரி. வெட்டுவது நரம்பை இல்லை, குழாயை. ஆண்மைக்கான ஹார்மோன் அந்தக் குழாய் வழியாகப் போவதே கிடையாது, ரத்தத்தில் கலந்து போகிறது. ஆசை, விறைப்பு, குரல், மீசை எல்லாம் இருந்தபடியே இருக்கும். வெளியே வரும் விந்திலும் விந்தணுவின் பங்கு நூற்றில் சில துளிதான், குறைந்ததே கண்ணுக்குத் தெரியாது. உள்ளே உற்பத்தியாகும் விந்தணுவை உடம்பே கரைத்து எடுத்துக்கொள்ளும், தேங்கி வீங்கிப் போகாது.

ஆனால் ஒன்றுமே ஆகாது என்று சொல்லி ஒருவரை அனுப்புவதும் தப்பு. நூற்றில் ஒன்று இரண்டு பேருக்கு விதைப்பகுதியில் நாள்பட்ட வலி நிற்கிறது, அன்றாட வாழ்க்கையைத் தொந்தரவு செய்யும் அளவுக்கு. அது தெரிந்தபிறகும் சரி என்கிறவர்தான் உண்மையில் சம்மதித்தவர்.

மூன்றாம் நாள் குலை வெட்டப் போனவர்

எங்கள் ஊர்ப் பக்கத்துத் தென்னமரம் எஸ்டேட்டில்தான் 1917-ல் இந்த நாட்டின் முதல் வணிகச் செம்பனைத் (பாமாயில் எடுக்கும் பனை) தோட்டம் போடப்பட்டது. நூறு வருஷம் தாண்டியும் இங்கே பல வீட்டில் சோறு செம்பனையிலிருந்துதான் வருகிறது. முற்றிய மரத்தின் குலை ஒன்று இருபது கிலோவுக்கு மேல் நிற்கும். அதைக் குத்தித் தூக்கி வண்டியில் போடுகிறவருக்கு, "சின்ன ஆபரேஷன்தானே, ரெண்டு நாள் போதும்" என்று யாராவது சொன்னால் அது நல்ல யோசனை இல்லை.

ஒருவர் அப்படித்தான் மூன்றாம் நாளே வேலைக்குப் போனார். சாயங்காலம் கால் அகட்டி நடந்து கிளினிக்குக்கு வந்தார். உள்ளே ரத்தம் கசிந்து விதைப்பை ஒரு பக்கம் எலுமிச்சம்பழம் அளவுக்குக் கட்டிப்போய்க் கருநீலமாக இருந்தது. சரியாகிவிட்டது, ஆனால் ஒரு வாரத்தில் ஆறியிருக்க வேண்டியதற்கு ஒரு மாசம் ஆயிற்று. தூக்கும் வேலை செய்கிறவர் டாக்டரிடம் அதைச் சொல்லி, குறைந்தது ஒரு வாரத்துக்காவது எம்.சி. (மருத்துவ விடுப்பு) கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும். முதல் இரண்டு நாள் ஐஸ் ஒத்தடம், இறுக்கமான உள்ளாடை. ரத்தம் இளக்கும் மாத்திரை சாப்பிடுகிறவர் அதை முன்கூட்டியே சொல்ல வேண்டும்.

ஆண்கள் பக்கம் நடக்கும் பெரிய தவறு அப்புறம்தான் வருகிறது. பெண்ணுக்குக் கட்டினால் பலன் உடனே. ஆணுக்கு அப்படி இல்லை. வெட்டிய இடத்துக்கு அப்பால் குழாயில் ஏற்கனவே இருக்கும் விந்தணு வெளியேற ஏறக்குறைய மூன்று மாதம் ஆகும். அதுவரை ஆணுறையோ மனைவியின் மாத்திரையோ தொடர வேண்டும். மூன்று மாதம் கழித்து விந்தைப் பரிசோதித்து, "இல்லை" என்று லேப் சொன்ன பிறகுதான் விடுதலை. 'ஆபரேஷன் பண்ணியும் பிள்ளை உண்டாச்சு' என்ற கதைகளில் பாதி, இந்த மூன்று மாசத்துக் கதைகள்தான் என்பது என் அனுபவம்.

அந்தப் பரிசோதனையிலும் ஒரு கூத்து. ஒரு தம்பி வீட்டிலிருந்து பாட்டிலில் எடுத்துக்கொண்டு மோட்டாரில் வந்தார். வரும் வழியில் ஒட்டுக்கடையில் தே ஓ ஐஸ் புங்குஸ் (பையில் கட்டிய ஐஸ் போட்ட கடுந்தேநீர்) வாங்கி, இரண்டையும் ஒரே பிளாஸ்டிக் பையில் போட்டு முன்கொக்கியில் மாட்டியிருக்கிறார். கிளினிக்குக்கு வரும்போது பாட்டில் சில்லென்று இருந்தது. பாவம், மறுபடி எடுத்துவரச் சொன்னோம். உடம்புச் சூட்டிலேயே, சட்டைக்கு உள்பக்கம் வைத்து, லேப் சொன்ன நேரத்துக்குள் கொண்டுவந்து சேர்க்க வேண்டும்.

வலியில் போடும் கையெழுத்து

பெண்கள் பக்கம் என்னை அதிகம் வருத்துவது முடிவெடுக்கும் நேரம். பிரசவ வலி ஏறும்போது, மாமியார் வாசலில் நிற்கும்போது, "இதோட போதும்மா" என்று யாரோ சொல்லும்போது போடும் கையெழுத்து அவள் முடிவு இல்லை, அந்த ராத்திரியின் முடிவு. கட்டுவது என்று நினைத்தால் ஏழாம் மாதத்துக்குள் கிளினிக்கில் பேசி, புத்தகத்தில் எழுதிவைத்துவிட வேண்டும். அப்போதும் மனசு மாற அவளுக்கு உரிமை உண்டு, ஆபரேஷன் தியேட்டர் வாசலில்கூட.

பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட பெண்களைப் பல வருஷம் பின்தொடர்ந்த ஒரு பெரிய அமெரிக்க ஆய்வு இருக்கிறது. 30 வயதுக்குள் கட்டிக்கொண்டவர்களில் நூற்றுக்கு 20 பேர், 14 வருஷத்துக்குள் ஒரு கட்டத்தில் 'ஏன் செய்தோம்' என்று வருந்தினார்கள். 30 தாண்டியவர்களில் அது 6 தான். கணவன் விபத்தில் போய்விடுவது, இரண்டாம் கல்யாணம், பெற்ற பிள்ளையை இழப்பது இதெல்லாம் 27 வயதில் யாருக்கும் கண்ணுக்குத் தெரியாது. "வேணும்னா அவிழ்த்துக்கலாம்" என்ற நம்பிக்கையில் கட்டிக்கொள்வது இன்னொரு தவறு. ஒட்டும் ஆபரேஷன் ஆணுக்கும் உண்டு, பெண்ணுக்கும் உண்டு. செலவு அதிகம், பிள்ளை தங்கும் என்று உறுதியில்லை. ஆணுக்கு வருஷம் ஏற ஏற வாய்ப்புக் குறையும். இப்போது சில இடங்களில் கட்டாமல் குழாயையே முழுசாக எடுத்துவிடுகிறார்கள். சினைப்பைப் புற்றுநோய் அபாயம் அதனால் குறைகிறது, ஆனால் அதை ஒட்ட வழியே இல்லை.

கொஞ்சம் சந்தேகம் இருந்தாலும் கர்ப்பப்பைக்குள் வைக்கும் லூப் அல்லது கையில் வைக்கும் இம்பிளாண்ட் பக்கம் போகலாம். காப்பர் லூப் பத்து வருஷம் வரை தாங்கும், இம்பிளாண்ட் மூன்று வருஷம். இரண்டும் நிரந்தர முறைக்குக் கிட்டத்தட்ட சமமான பலன் தருகின்றன, எடுத்துவிட்டால் மறுபடி பிள்ளை பெறலாம். 'அது தற்காலிகம்தானே' என்று இவற்றை ஒதுக்கிவிட்டு நேரே ஆபரேஷனுக்குப் போகிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

பணம் பற்றி ஒரு வார்த்தை. மெடிக்கல் கார்டு (மருத்துவக் காப்புறுதி அட்டை) இருக்கிறது என்று நம்பித் தனியார் ஆஸ்பத்திரிக்குப் போகாதீர்கள். கருத்தடை ஆபரேஷன் வழக்கமாக அந்தக் கார்டுகளின் விலக்குப் பட்டியலில் இருக்கும். முதலில் அரசாங்கக் கிளினிக், இல்லையென்றால் 1966-லிருந்து இதே வேலையைச் செய்துவரும் எல்பிபிகேஎன் (தேசிய மக்கள்தொகை, குடும்ப மேம்பாட்டு வாரியம்) குடும்பநலக் கிளினிக், இரண்டில் ஒன்றில் கேளுங்கள். இன்னொன்று, இந்த ஆபரேஷன் எதுவும் பால்வினை நோயைத் தடுக்காது. அதற்கு ஆணுறைதான்.

கட்டிய பிறகு மாதவிலக்கு அதிகமாகிவிட்டது என்று ஆபரேஷனைத் திட்டும் பெண்களிடம் நான் ஒரு கேள்வி கேட்பேன்: அதற்கு முன்னால் மாத்திரையா? பெரும்பாலும் ஆமாம். மாத்திரை ரத்தப்போக்கைக் குறைத்து வைத்திருக்கும். நிறுத்தியதும் பழைய அளவு திரும்பி வருகிறது. குழாய் கட்டுவதால் சினைப்பை நிற்பதில்லை, மாதவிலக்கு சீக்கிரம் நின்றுபோவதும் இல்லை.

கடைசியாக ஒன்று, சொல்லாமல் விட்டால் எனக்குத் தூக்கம் வராது. கட்டியும் கர்ப்பம் தங்கலாம். முன்பு சொன்ன அதே ஆய்வில் பத்து வருஷத்தில் ஆயிரம் பேருக்கு 18, 19 பேர். அப்படித் தங்கியவற்றில் மூன்றில் ஒரு பங்கு கர்ப்பப்பையில் இல்லை, குழாயில். அது வெடித்தால் வயிற்றுக்குள் ரத்தம் கொட்டும், சில மணி நேரத்தில் உயிருக்கே ஆபத்து. நாள் தள்ளிப்போய், அடிவயிற்றில் ஒரு பக்கம் வலித்து, தலை சுற்றினால் பனடோல் போட்டுப் படுக்காதீர்கள். எமர்ஜென்சிக்குப் போய், "நான் கட்டியாச்சு, அதுவா இருக்காது" என்று நீங்களே வாயைக் கொடுத்துக் கெடுத்துக்கொள்ளவும் வேண்டாம். "கட்டியிருக்கேன், ஆனா நாள் தள்ளிப் போயிருக்கு, யூரின் டெஸ்ட் எடுங்க" என்று சொல்லுங்கள்.